புளிக்காத சாறு

திராட்சைச் சாறு காய்ச்சுறது பெரிய வித்தை ஒண்ணும் இல்ல, சார். பொறுமை இருந்தாப் போதும். கருப்புத் திராட்சையைக் காம்பு இல்லாம ஆய்ஞ்சு, நல்லா அலசி, தீயை மெல்லிசா வெச்சு, தோல் வெடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நிக்கணும். அடுப்புல வெச்சுட்டு போன் பேசப் போனா அடிப் பிடிச்சுடும். வடிகட்டி, சர்க்கரை போட்டு மறுபடி ஒரு கொதி விட்டு, சுடுதண்ணியில கழுவின பாட்டில்ல சூட்டோட சூடா ஊத்தி மூடிட்டா அது பாட்டுக்கு இருக்கும். எங்க சர்ச் சபையில திருவிருந்துக்கு, கர்த்தர் நினைவா அப்பமும் ரசமும் குடுப்போமே அதுக்கு, ஒயின் வைக்கிறதில்ல. குடியிலேர்ந்து திருந்தி வந்தவங்க நிறைய பேர் இருக்காங்க, அவங்க நாக்குல பழைய ருசி படக் கூடாதுன்னு பழைய பாஸ்டர் காலத்துலயே முடிவு பண்ணது. அன்னிலேர்ந்து சாறு காய்ச்சுறது என் பொறுப்பு. நான் காய்ச்சின சாறு இதுவரைக்கும் ஒரு தடவை கூடப் புளிச்சது கிடையாது.

இதை முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா நான் இங்க வந்ததே அதுக்காகத்தான்.

என் தம்பி போன மாசம் திருவிருந்து வாங்கின கையோட சர்ச்சுலயே செத்துப் போனான். உங்க ஸ்டேஷன் ஆளுங்க ரெண்டு பேர் வந்து எழுதிக்கிட்டுப் போனாங்க. பழைய குடிகாரன், வாயில பிராந்தி வாசனை, பலவீனமான இதயம் நின்னு போச்சு. எழுதறதுக்கு அதுல வேற ஒண்ணும் இல்ல. சபையில பேசிக்கிட்டது கொஞ்சம் கூடுதல். யாருக்கும் தெரியாம குடிச்சுட்டு வந்து கர்த்தரோட பந்தியில கை வெச்சான், அவர் விடுவாரா, அங்கேயே அடிச்சுட்டார்னு பேசினாங்க. விவரம் தெரிஞ்ச பெரியவங்க கூடக் கண்ணை மூடித் தலையாட்டினாங்க. என்கிட்ட துக்கம் விசாரிக்க வந்தவங்ககிட்ட, அவர் சித்தம்னு சொன்னேன். வேற என்ன சொல்றது.

தம்பி மகதான் ஒத்துக்கல. நாங்க அவளைக் குட்டிம்மான்னு கூப்பிடுவோம், இப்ப காலேஜ் படிக்கிறா. "எழுந்ததுலேர்ந்து அப்பா கூடவேதான் இருந்தேன், எங்கப்பா குடிக்கல"ன்னு பாஸ்டர் வீட்டு வாசல்ல போய் தினமும் நின்னா. பாஸ்டர் இளகின மனசுக்காரர். உக்காந்து யோசிச்சு, கடைசியில அவரே ஒரு முடிவுக்கு வந்துட்டார். சாறு புளிச்சுப் போயிருக்கணும், குடியை விடத் தம்பி சாப்பிட்ட மாத்திரைக்கு அந்தப் புளிப்பே ஆகாமப் போயிருக்கும். இன்னிக்குக் காலையில கடைக்கு வந்து என் தோள்ல கை போட்டு, "வர்ற ஞாயித்துக்கிழமை சபையில சொல்லிடுறேன்யா. தம்பி பேரும் சுத்தமாயிடும். நீங்க வேணும்னு பண்ணலையே, வயசாச்சு, கவனம் தப்பியிருக்கும். எல்லாரும் உங்களை மன்னிச்சுடுவாங்க"ன்னார். ஆறுதல் சொல்றதா நினைப்பு. அவரை அனுப்பிட்டு ஷட்டரை இறக்கினேன். நேரா இங்கதான் வர்றேன்.

எனக்குப் பெயின்ட் கடை. பழைய சுவத்துலேர்ந்து நகத்தளவு சில்லு பேத்துக் கொண்டு வந்து, அச்சு அசலா இதே கலர் வேணும்னு கேப்பாங்க. இப்ப அதுக்கு மெஷின் வந்துடுச்சு, ஆனா நான் கண்ணாலயே கலந்து குடுப்பேன். பூசிக் காஞ்சப்புறம் எது பழசு எது புதுசுன்னு வீட்டுக்காரனுக்கே தெரியாது. தம்பி பெயின்டர். சாரத்து மேல நின்னு பாடிக்கிட்டே அடிப்பான், தெருவுல போறவங்க நின்னு கேப்பாங்க. எங்கம்மாவுக்கு அவன் பாட்டுன்னா உசுரு. அம்மா படுக்கையில விழுந்தப்போ குளிப்பாட்டினது, துணி மாத்தினது எல்லாம் நானும் என் வீட்டுக்காரியும். நான் ஊட்டுற ஒவ்வொரு வாய்க்கும், "சின்னவன் சாப்பிட்டானா"ன்னு அம்மா கேக்கும். "சாப்பிட்டாம்மா"ன்னு சொல்லிட்டு அடுத்த வாயை ஊட்டுவேன். எனக்கு அதுல ஒரு வருத்தமும் இல்ல, தகவலுக்குச் சொல்றேன்.

அம்மாவை அடக்கம் பண்ணின அன்னிக்கு அவன் தள்ளாடிக்கிட்டு வந்தான். பெட்டியை இறக்குறதுக்கு முன்னால இவன் குழிக்குள்ள விழுந்துட்டான். சிலபேர் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. நான்தான் உள்ள இறங்கி அவனை மேல தூக்கி விட்டேன். வெள்ளைச் சட்டை பூரா சேறு. அந்தச் சட்டையோடயே நின்னு எங்கம்மாவுக்கு மண்ணு போட்டேன்.

அவன் பொண்டாட்டி அடி தாங்காம ஒருநாள் குழந்தையை எங்க வீட்டுல விட்டுட்டுப் போனா. போனவ போனவதான். எங்களுக்குப் பிள்ளை கிடையாது. குட்டிம்மா எங்க வீட்டுல வளர்ந்தா. ஸ்கூல் வரைக்கும் அவ பையை நான்தான் தூக்கிக்கிட்டுப் போவேன். என்னைப் பெரியப்பான்னுதான் கூப்பிடுவா, ஆனா ஜுரம் வந்து அனத்தும்போது என் கையைத்தான் தேடுவா. சபையில சிலபேர் அவளை என் பொண்ணுன்னே நினைச்சிருந்தாங்க. நான் திருத்தினதில்ல.

தம்பியைத் திருத்த நான் பண்ணாதது இல்ல, சார். கெஞ்சினேன், மிரட்டினேன், பெல்ட்டால அடிச்சேன். ஒரு தடவை கடைக்குப் பின்னால இருக்கிற குடோன்ல வெச்சுப் பூட்டினேன். கதவைத் தட்டித் தட்டி ஓய்ஞ்சு போனான். நான் ஒண்ணும் இரக்கமில்லாதவன் இல்ல, சாப்பாடு வெச்சேன், தண்ணி வெச்சேன். திறந்தப்போ மூலையில சுருண்டு நடுங்கிக்கிட்டு இருந்தான். அப்புறம் குடோனை ஒதுக்கும்போது தின்னர் டின்னுக்குப் பின்னால பாதி பிராந்தி பாட்டில் கிடைச்சுது. எப்பவோ ஒளிச்சு வெச்சிருக்கான். நான் அதைத் தூக்கிப் போடல. மனுஷன் எப்படிப்பட்டவன்னு மறந்து போகாம இருக்க ஒரு சாமான் கண்ணு முன்னால இருக்கட்டும்னு அங்கேயே விட்டேன். ரொம்ப வருஷம் அது அங்கதான் இருந்துச்சு.

பாஸ்டர் அடிக்கடி சொல்வார். மனுஷ சுபாவம் பிறப்புலயே கெட்டுப் போனது, நம்ம முயற்சியால அது நேராகாது, கிருபை ஒண்ணுதான் மாத்தும், அந்தக் கிருபை உழைச்சு வாங்குற கூலி இல்ல, சும்மா கிடைக்கிறதுன்னு. நானும் ஆமென் சொல்வேன், மத்தவங்களை விடச் சத்தமாவே சொல்வேன். எல்லாரும் பாவிங்கதான். பொதுவாச் சொன்னா நானும்தான். ஆனா என் தொழில்ல ஒண்ணு பார்த்திருக்கேன். ஓதம் ஏறின சுவத்துக்கு எவ்வளவு ஒசத்தியான பெயின்ட் அடிச்சாலும் ஒரு மழை பேஞ்சா உப்பிக்கிட்டு வெளிய வந்துடும். பாஸ்டர்கிட்ட இதைச் சொன்னேன். "அதனாலதான்யா கர்த்தர் சுவத்தையே இடிச்சுட்டுப் புதுசாக் கட்டுறார்"னு சிரிச்சார். பிரசங்கம் பண்றவங்களுக்குப் பதில் சொல்லத் தெரியாமலா போகும்.

அவர்தான் தம்பியை ஒரு மறுவாழ்வு இல்லத்துல சேர்த்து விட்டார். திரும்பி அனுப்பும்போது அங்க இருந்த டாக்டர் என்னையும் குட்டிம்மாவையும் உக்கார வெச்சுப் பேசினார். தினமும் காலையில ஒரு மாத்திரை, வீட்டு ஆள் யாராவது கண்ணால பார்த்து முழுங்க வைக்கணும். மாத்திரை உள்ள இருக்கும்போது குடிச்சா உடம்பு தாங்காது. மத்தவங்க வாந்தி எடுத்து, துடிச்சு, பொழைச்சுக்குவாங்க. இவருக்கு இதயம் ரொம்ப பலவீனம், இருமல் மருந்து கூடக் கேட்காம வாங்கிக் குடுக்காதீங்கன்னார். நான், "ஒரு வாய் பட்டாக் கூடவா டாக்டர்"னு கேட்டேன். "அந்த ஒரு வாயும் வேண்டாம்"னார். குட்டிம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டா, பெரியப்பா எவ்வளவு அக்கறையாக் கேக்குறார்னு நினைச்சிருப்பா.

அவன் சின்னதா ஒரு வீடு பார்த்தான். குட்டிம்மா துணிமணியை எடுத்துக்கிட்டு அங்க போயிட்டா. "காலையில அப்பாவுக்கு மாத்திரை குடுக்க ஆள் வேணும் பெரியப்பா"ன்னா. என் வீட்டுக்காரி அழுதா. நான் அவ படிக்கிற மேஜையைத் துடைச்சு அப்படியே வெச்சேன். எத்தனை நாளைக்கு ஓடப் போகுது, மறுபடி விழுவான், பிள்ளை திரும்பி வந்துடும்னு இருந்தேன். மழைக்காலம் வந்துச்சு, போச்சு. அவன் விழல. முகத்துல சதை பிடிச்சுது. மறுபடி சாரத்து மேல பாட ஆரம்பிச்சான். குட்டிம்மா எங்க வீட்டுக்கு வர்றது குறைஞ்சு போச்சு. வந்தாலும் அப்பா அதைச் சொன்னார், அப்பா இதைச் சொன்னார்னு அதே பேச்சு.

ஒரு மத்தியானம் கடைக்கு வந்தான். கையெல்லாம் பட்டி பூசின வெள்ளை. "அண்ணே, உனக்கு நான் பண்ணினது ஒண்ணா ரெண்டா. எல்லாத்துக்கும் மன்னிச்சுடுண்ணே."

"சரி, விடு."

"இல்லண்ணே, அம்மா அடக்கத்தன்னிக்கு..."

"விடுன்னேன்ல."

கண்ணைத் துடைச்சுக்கிட்டுச் சிரிச்சான். சின்ன வயசுல திட்டு வாங்கித் தப்பிச்சப்புறம் சிரிப்பானே, அதே சிரிப்பு. "நானும் எதையும் மனசுல வெச்சுக்கலண்ணே. நீ பெல்ட்டால அடிச்சது, குடோன்ல பூட்டினது, எல்லாத்தையும் அந்த இல்லத்துல இருக்கும்போதே மன்னிச்சுட்டேன்."

நான் அப்ப ஒருத்தருக்குக் கலர் கலந்துக்கிட்டு இருந்தேன். அன்னிக்குக் கலர் தப்பாப் போச்சு, மொத்த டின்னையும் கொட்ட வேண்டியதாப் போச்சு. குழிக்குள்ள விழுந்தவன், தூக்கி விட்டவனை மன்னிக்கிறான். எனக்கு வயிறு எரிஞ்சுது சார், அதை மறைக்க மாட்டேன். இருந்தாலும் டீ வாங்கிக் குடுத்துதான் அனுப்பினேன்.

எங்க சபையில ஒரு ஒழுங்கு உண்டு. குடி, சண்டைன்னு பேர் கெட்டுப் போனவங்களைத் திருவிருந்துல சேர்க்க மாட்டோம். திருந்தினது நிச்சயம்னு தெரிஞ்சப்புறம் ஒரு நாள் குறிச்சு, சபை முன்னால திருந்தின கதையைச் சாட்சியாச் சொல்ல வெச்சு, மறுபடி சேர்த்துக்குவோம். தம்பிக்கு நாள் குறிச்சாங்க. ஜனங்க ஏதோ கல்யாணம் மாதிரி சந்தோஷப்பட்டாங்க. நான் இத்தனை வருஷத்துல ஒரு ஆராதனை தவறினதில்ல. எனக்காக யாரும் கை தட்டினதா ஞாபகம் இல்ல. தட்டணும்னு நான் எதிர்பார்த்ததும் இல்ல.

சோதிச்சுப் பார்க்கணும்னு தோணுச்சு. தங்கத்தைத் தேய்ச்சுப் பார்க்காம யாராவது வாங்குவாங்களா. இவனை நம்பி ஒரு சபையே கண்ணீர் விடுது, ஒரு பொண்ணு தன் வாழ்க்கையைக் கொண்டு போய் வைக்கிறா. யாராவது ஒருத்தர் பார்க்கணும் இல்லையா. மறுநாளைக்கு வேண்டிய கிண்ணங்களை முந்தின நாள் சாயங்காலமே சர்ச் பின்ரூம்ல உக்காந்து நிரப்பி வைப்பேன், விரலளவு குட்டிக் கண்ணாடிக் கிண்ணங்க. ஒண்ணுல மட்டும் அந்தக் குடோன் பாட்டில்ல இருந்ததை ஊத்தினேன். நான் எந்தக் கடைக்கும் போய் வாங்கல, அது அவனோட பாட்டில், அவனுதை அவனுக்கே குடுத்தேன். பிராந்தி கலர் வெளுப்பு. சாறைக் கெட்டியா சுண்டக் காய்ச்சி சொட்டுச் சொட்டா விட்டுக் கலந்தேன். வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா மத்த கிண்ணத்துக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல. அதைத் தட்டோட மூலையில வெச்சேன்.

மறுநாள் அவன் சாட்சி சொன்னான். என்னைக் கைகாட்டி, "எங்கண்ணன் இல்லன்னா நான் எப்பவோ மண்ணாப் போயிருப்பேன்"னு சொன்னான். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தாங்க. அப்புறம் வரிசை வரிசையா முன்னால வந்து முழங்கால் போட்டாங்க. நான்தான் தட்டை ஏந்திக்கிட்டு ஒவ்வொருத்தர் கையிலயும் கிண்ணத்தைக் குடுக்கிறவன். வாங்கினதும் குடிச்சுட மாட்டோம். வரிசையில எல்லாருக்கும் கிடைச்சப்புறம் பாஸ்டர் சொல்வார், சேர்ந்து குடிப்போம். குட்டிம்மா அவன் பக்கத்துல முழங்கால் போட்டிருந்தா. மூலைக் கிண்ணத்தை எடுத்து அவன் கையில வெச்சேன்.

ஆயுசு பூரா அதுல முங்கிக் கிடந்தவனுக்கு அந்த வாசனை தெரியாமப் போகுமா. வாய்கிட்டக் கொண்டு போகறதுக்கு முன்னாலயே தெரிஞ்சுடுச்சு. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். கோபமா இல்ல. முகத்துல இருந்த சந்தோஷம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமா வடிஞ்சுது. கீழ வெச்சிருக்கலாம். ஆனா வெச்சா பாஸ்டர் ஏன்னு கேப்பார், எடுத்து மோந்து பார்ப்பார், இதை நிரப்பினது யாருன்னு எல்லாருக்கும் தெரியும். அதெல்லாம் அவனுக்கும் ஓடியிருக்கும். பக்கத்துல கண்ணை மூடிக்கிட்டு இருந்த மகளைப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான். பாஸ்டர் சொன்னார். குடிச்சுட்டான்.

இதை அப்படியே எழுதிக்குங்க சார், இதுதான் முக்கியம். தெரிஞ்சே குடிச்சான். நான் அவன் வாயைப் பிடிச்சு ஊத்தல. சுபாவம் மாறலங்கிறதுக்கு இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்.

அடுத்த பாட்டு ஆரம்பிச்சப்பவே முகமெல்லாம் ரத்தச் சிவப்பா ஆயிடுச்சு. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு அவனே எழுந்து பக்கத்துல அங்கி மாத்துற வெஸ்ட்ரி ரூமுக்குப் போனான். நான் தட்டை வெச்சுட்டுப் பின்னாடியே போய்க் கதவைத் தாழ் போட்டேன். சபையில ஒரு நர்ஸம்மா இருக்காங்க, ஓடி வந்து தட்டினாங்க. "கதவைத் திறங்கய்யா, நான் பார்க்கிறேன்."

"குடிச்சுட்டு வந்திருக்கான்மா. இன்னிக்குன்னு பார்த்து எல்லார் எதிர்லயும் அசிங்கப்பட வேணாம். கொஞ்சம் படுத்து எழுந்தா சரியாயிடும்."

"மூச்சு இழுக்கிற சத்தம் இங்க கேக்குதுய்யா."

"குறட்டைம்மா"ன்னேன். குட்டிம்மாவும் வந்து, "பெரியப்பா, அப்பாவுக்கு என்ன"ன்னு கேட்டா. ஒண்ணும் இல்லடா, நீ போய் உக்காருன்னேன். நான் சொன்னா அவ நம்புவா. போய் உக்காந்துட்டா.

அவன் பாடகர்க் குழு அங்கி தொங்குற பீரோவுல சாஞ்சு கீழ உக்காந்திருந்தான். சட்டை நனைஞ்சு போச்சு. என் வேட்டி நுனியைப் பிடிச்சு இழுத்தான். குனிஞ்சேன்.

"சொல்ல மாட்டேன்ணே."

"எதை?"

"யாருகிட்டயும். குட்டிம்மாகிட்டக் கூட." மூச்சு வாங்கிச்சு. "நீ பயப்படாதே. நான்தான் குடிச்சேன்னு இருக்கட்டும்."

என் கை தாழ்ப்பாள் மேல போயிடுச்சு. பொய் சொல்லி எனக்கு இனிமே ஆக வேண்டியது ஒண்ணும் இல்ல, சார். திறக்கத்தான் போனேன். நர்ஸம்மா வெளியதான் நின்னுக்கிட்டு இருந்தாங்க, ஆஸ்பத்திரியும் பக்கம்தான். அவன் அந்த நேரத்துல என்னைத் திட்டியிருந்தாலும், சாபம் விட்டிருந்தாலும், முகத்துல துப்பியிருந்தாலும் திறந்திருப்பேன்.

"உன்னை மன்னிச்சுட்டேன்ணே"ன்னான்.

கையை எடுத்துட்டேன். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் எதிர்ல உக்காந்தேன். வெளிய பாட்டு முடிஞ்சு ஜெபம் பண்ணினாங்க. அவன் கொஞ்ச நேரம் வாயை அசைச்சுக்கிட்டே இருந்தான், எனக்காகன்னு நினைக்கிறேன், என் பேர் காதுல விழுந்துச்சு. பாஸ்டர் ஆசீர்வாதம் சொல்லி முடிக்கும்போது சத்தம் நின்னு போச்சு. அப்புறம் தாழ்ப்பாளைத் திறந்து நர்ஸம்மாவை உள்ள விட்டேன்.

நடந்தது இதுதான். சாறு புளிக்கல. பாஸ்டர்கிட்ட அதைத் தெளிவாச் சொல்லிடுங்க, ஞாயித்துக்கிழமை சபையில எதையாவது சொல்லி வெக்கப் போறார். குட்டிம்மாகிட்டயும் நீங்களே சொல்லிடுங்க. எல்லாம் விவரமாத் தெரிஞ்சப்புறம் அவ எங்க வீட்டுக்கே வந்துடலாம், என் வீட்டுக்காரி பார்த்துப்பா.

பாஸ்டர் நான் இங்க இருக்கேன்னு கேள்விப்பட்டு வந்து வெளிய காத்துக்கிட்டு இருக்கார்னு சொன்னீங்க. வரச் சொல்லுங்க, எனக்கு அவர் மேல வருத்தம் இல்ல. பெரிய பாவிக்கும் கிருபை உண்டுன்னு ஆரம்பிப்பார். நான் இல்லைன்னு சொல்லலையே, அது என் தம்பி மாதிரி ஆளுங்களுக்கு உள்ளது. ஆனா என் தலையில கை வெச்சு மன்னிப்பு அது இதுன்னு பேச வேணாம்னு முன்கூட்டியே சொல்லிடுங்க. என்கிட்ட மன்னிக்கிறதுக்கு என்ன இருக்கு, சார்?